ஃபேன்டம் தெரியும், மாருத் தெரியாதா?

மிக்-21 ரிட்டையர் ஆன அன்னிக்கு (2025 செப்டம்பர் 26) எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு சித்தப்பா, "அப்பாடா, ஒரு வழியா சனியன் ஒழிஞ்சுது"ன்னு போட்டார். கீழ வரிசையா கும்பிடு பொம்மைங்க.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்!

அன்னிக்கு சண்டிகர் நிகழ்ச்சியை டிவியில பார்த்துட்டு கண்ணு லேசா கலங்கிப்போய் உக்காந்திருந்தவன் நான். (வீட்டுல கேட்டாங்க. வெங்காயம்னு சொல்லிட்டேன். அன்னிக்கு வீட்டுல வெங்காயமே இல்ல.) விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங்கே ஒரு மிக்-21ஐ ஓட்டிக்கிட்டு வந்தார். 1963-ல அதே சண்டிகர்லதான் 28-ஆம் ஸ்குவாட்ரன்ல இந்த விமானம் முதல்ல சேர்ந்துச்சு. அந்த ஸ்குவாட்ரனை அப்போ நடத்தின தில்பாக் சிங், பிற்பாடு விமானப்படைத் தளபதியாவே ஆனார். 62 வருஷம் ஓடின வண்டிங்க அது.

அதைப் போய் சனியன்ங்கிறாரு! யாரு? ஸ்டார்ட் ஆகாத மாருதி 800ஐ விக்க மனசு வராம இன்னும் போர்ட்டிகோவுல துணி போத்தி வச்சிருக்கிற மனுஷன்.

சரி, சித்தப்பா சொன்னதுல நியாயமே இல்லையான்னா, இருக்கு. அதுக்கு அப்புறம் வரேன். எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடிச்சுதுன்னு முதல்ல சொல்லிடறேன்.

எண்பதுகள்ல மயிலாப்பூர்ல பள்ளிக்கூடம் படிச்சவங்களுக்குத் தெரியும். ஜூன் மாசம் பிறந்தா நோட்டுக்கு அட்டை போடணும். பிரவுன் ஷீட்டுக்குக் காசு ஆகும். ஆனா 'சோவியத் லேண்ட்' பத்திரிகை சல்லிசா வரும். வழுவழுன்னு கெட்டித் தாள், ஒரு வருஷம் ஆனாலும் கிழியாது. இன்னொரு பக்கம் அமெரிக்காக்காரங்க போட்ட 'ஸ்பான்'. அதுவும் வழுவழு. ஆக என் கணக்கு நோட்டு ரஷ்யா, சயின்ஸ் நோட்டு அமெரிக்கா. பனிப்போர் மொத்தமும் என் புத்தகப் பைக்குள்ள. நடுவுல தயிர் சாத டப்பா.

பக்கத்து பெஞ்சுப் பையன் நோட்டு அட்டையில ஒரு மிக் இருந்துச்சு. நீளமா ஒரு குழாய், முன்னால திறந்த வாய், வாய்க்கு நடுவுல ஒரு கூம்பு, ரெண்டு பக்கமும் முக்கோண இறக்கை. அவ்ளோதான் மொத்த விமானமும். குடுறான்னா குடுக்க மாட்டேன்னுட்டான். கமர்கட் லஞ்சம் குடுத்துதான் வாங்க வேண்டியிருந்துச்சு.

அதுக்கப்புறம் லஸ் கார்னர் பிளாட்பாரம். ஆழ்வார் பழைய புத்தகக் கடை. வியட்நாம் எனக்கு அங்கதான் கிடைச்சுது. அட்டை கிழிஞ்ச அமெரிக்க பேப்பர்பேக்குகள். ஒரு பக்கம் எஃப்-4 ஃபேன்டம், எஃப்-105 தண்டர்சீஃப். எதிர்ப்பக்கம் மிக்-17, அப்புறம் நம்ம நோட்டு அட்டை ஹீரோ மிக்-21.

ராபின் ஓல்ட்ஸ்னு ஒரு கர்னல். ராணுவ விதிக்கு ஒத்துவராத முறுக்கு மீசை வச்சிருந்தார். 1967 ஜனவரி 2-ஆம் தேதி அவர் பண்ணின வேலைதான் 'ஆபரேஷன் போலோ'. குண்டு போடப்போற தண்டர்சீஃப் விமானங்கள் எந்தப் பாதையில, எந்த வேகத்துல, ரேடியோவுல என்ன பேசிக்கிட்டுப் போகுமோ, அச்சு அசலா அதே தோரணையில ஃபேன்டம்களைக் கூட்டிட்டுப் போனார். மாட்டிச்சுடா குண்டு வண்டின்னு மிக்-21கள் மேகத்துக்கு மேல வந்தா, அங்க சண்டைக்குத் தயாரா ஃபேன்டம்! ஏழு மிக்கை வீழ்த்தினோம்னு அமெரிக்காக்காரங்க கணக்கு.

அதுக்காக வியட்நாம் பைலட்டுங்க சும்மா இல்ல. நுயென் வான் கோக்னு ஒருத்தர், மிக்-21 ஓட்டியே ஒன்பது. அந்தப் போர்ல எந்த அமெரிக்கப் பைலட்டுக்கும் அந்த எண்ணிக்கை வரல.

இதெல்லாம் எனக்கு அப்பவே தலைகீழ்ப் பாடம். ஆனா பாருங்க, அதே மிக்-21ஐ அதே வருஷங்கள்ல நம்ம ஆளுங்களும் ஓட்டிட்டிருந்தாங்க. ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. அமெரிக்காக்காரன் ஒரு தடவை பறந்துட்டு வந்தா மூணு புத்தகம் எழுதறான். நம்ம ஆளு ரிட்டையர் ஆகி அடையாறுல ஃப்ளாட் வாங்கிட்டு, காலையில நடைப்பயிற்சி, சாயங்காலம் அசோசியேஷன் மீட்டிங்னு இருந்துடறார்.

எங்க அபார்ட்மென்ட்லயே அப்படி ஒருத்தர் இருக்கார். எல்லாரும் விங் கமாண்டர் சார்னுதான் கூப்பிடுவோம். (பேரைப் போட்டியான்னா தொலைச்சுடுவேன்னு சொல்லியிருக்கார். அதனால போடல.)

அவர் வாயைக் கிளறுறது எப்படின்னு கண்டுபிடிக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. முதல்ல "சார், சண்டையில எத்தனை விமானத்தைச் சுட்டீங்க?"ன்னு கேட்டேன். "மெட்ரோ வாட்டர் லாரி இன்னிக்கு வந்துச்சா?"ன்னு திருப்பிக் கேட்டார். மெடல் பத்திக் கேட்டேன். மோட்டார் ரூம் சாவி யார்கிட்டன்னார். அப்புறம்தான் ஒரு ஐடியா. எழுபத்திரெண்டுல ஒரு பங்கு சைஸ்ல மிக்-21 பிளாஸ்டிக் கிட் ஒண்ணு வாங்கி ஒட்ட ஆரம்பிச்சேன்.

(கிட் ஒட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை சித்திரையில பெயின்ட் தூரிகையிலயே காஞ்சுடும். ஐப்பசியில ஒட்டினது கார்த்திகை வந்தாலும் காயாது. தண்ணியில ஊறவச்சு ஒட்டுற ஸ்டிக்கர் இறக்கையைத் தவிர மத்த எல்லா இடத்துலயும் ஒட்டும். தை மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க.)

முடிச்சுக் கொண்டுபோய் அவர் டீப்பாய் மேல வச்சேன். மனுஷன் பேப்பரைக் கீழ வச்சார். கண்ணாடியை மாத்தினார். விமானத்தைத் தூக்கி, வயித்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"துப்பாக்கி எங்க தம்பி?"

"இது எஃப்எல் மாடல் சார். துப்பாக்கி கிடையாது, ரெண்டே ரெண்டு ஏவுகணைதான்."

"அது வந்தப்போ. சண்டைக்குப் போனப்போ இங்க ஒண்ணு தொங்குச்சு"ன்னு வயித்துல ஒரு இடத்தை விரலால தொட்டுக் காமிச்சார்.

அடுத்து ரெண்டு மணி நேரம். காபி ஆறி ஆடை கட்டிடுச்சு.

விஷயம் இதுதான். ஏவுகணை வந்துடுச்சு, இனிமே எவன் பக்கத்துல போய்த் துப்பாக்கியால சுடப்போறான்னு அம்பதுகளோட கடைசியில உலகம் பூரா பெரிய தலைங்க முடிவு கட்டிட்டாங்க. அமெரிக்காவோட ஃபேன்டம் துப்பாக்கி இல்லாமலே பிறந்துச்சு. நமக்கு வந்த மிக்-21 எஃப்எல்லும் அப்படித்தான். அதுல இருந்த கே-13 ஏவுகணைக்கு ஒரு கதை உண்டு. 1958-ல தைவான் ஜலசந்திச் சண்டையில அமெரிக்கத் தயாரிப்பு சைட்வைண்டர் ஏவுகணை ஒண்ணு ஒரு சீன மிக்-17 மேல போய்ச் செருகிக்கிச்சு. வெடிக்கல. பைலட் அதோடயே வந்து இறங்கிட்டார். அதைப் பிரிச்சுப் பார்த்து ரஷ்யாக்காரங்க போட்ட நகல்தான் கே-13. ஆக வியட்நாம்ல ரெண்டு பக்கமும் ஒரே சரக்கு. ரெண்டு பக்கமும் அது பாதி நேரம் குறி தப்பும்.

கிட்ட போனா துப்பாக்கி வேணும்னு வியட்நாம்ல அடி வாங்கி அமெரிக்காக்காரங்க கத்துக்கிட்டாங்க. முதல்ல வயித்துக்கடியில துப்பாக்கிக் கூடு கட்டித் தொங்கவிட்டாங்க, பிறகு ஃபேன்டம் ஈ மாடல்ல உள்ளேயே வச்சுட்டாங்க. நம்ம ஆளுங்களும் ஜிபி-9ங்கிற இரட்டைக் குழல் 23 மில்லிமீட்டர் கூட்டை மிக்-21 வயித்துல மாட்டினாங்க. சார் தொட்டுக் காமிச்ச இடம் அதுதான்.

இன்னொண்ணு. டாம் க்ரூஸ் புண்ணியத்துல 'டாப் கன்' பள்ளிக்கூடம் எல்லாருக்கும் தெரியும். வியட்நாம்ல கணக்கு சரியா வரலன்னு 1969-ல அமெரிக்கக் கடற்படை ஆரம்பிச்சது அது. நம்ம விமானப்படையும் 1971 பிப்ரவரியில பஞ்சாப் ஆதம்பூர்ல அப்படி ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுது. இன்னிக்கு குவாலியர்ல 'டாக்டி'ங்கிற பேர்ல இருக்கு. அதைப் பத்தி யாரு படம் எடுத்தா?

"சார், மேல ஏறுறப்போ பயமா இருக்காதா?"ன்னேன்.

"ஏறுறதுக்கு என்ன, யார் வேணா ஏறலாம். இறங்கு பாப்போம்"னார். முக்கோண இறக்கை. வேகத்தைக் குறைச்சா மிதக்காது, தொபீர்னு கீழ போகும். அதனால ஓடுபாதையை நெருங்குறப்பவே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல. மூக்கு தூக்கி இருக்கிறதால முன்னால சரியாத் தெரியாது. பின்னாலயும் தெரியாது. எரிபொருள் எப்பவும் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டிய அளவுதான். "கம்ப்யூட்டர் கிடையாது தம்பி. நீதான் கம்ப்யூட்டர்."

பாகிஸ்தானோட போர் நடந்த சமயம், 1971 டிசம்பர் 14. டாக்காவுல கிழக்கு பாகிஸ்தான் கவர்னர் மாளிகையில ஒரு முக்கியமான கூட்டம்னு தகவல் வருது. 28-ஆம் ஸ்குவாட்ரனோட விங் கமாண்டர் பிஷ்ணோய் தலைமையில நாலு மிக்-21. இலக்கைத் தேட அவங்களுக்குக் கிடைச்ச வரைபடம் என்ன தெரியுமா? டூரிஸ்ட் மேப்! சுத்திப் பார்க்க வர்றவங்களுக்குக் குடுப்பாங்களே, அது. அதை வச்சுக்கிட்டே கட்டடத்தைக் கண்டுபிடிச்சு ராக்கெட் அடிச்சாங்க. கவர்னர் மாலிக் அன்னிக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டார். ரெண்டு நாள் கழிச்சு சரணாகதி.

(அதே டிசம்பர் 14-ஆம் தேதிதான் ஸ்ரீநகர்ல நிர்மல் ஜித் சிங் செக்கோன் குட்டியூண்டு நாட் விமானத்துல தனியாளா பாகிஸ்தானோட சேபர் விமானக் கூட்டத்தோட மோதி உயிரை விட்டார். விமானப்படைக்கு இதுவரைக்கும் கிடைச்ச ஒரே பரம் வீர் சக்ரா அவரோடது.)

அதுக்கு ரெண்டு நாள் முன்னால, கட்ச் வளைகுடாவுக்கு மேல. பாகிஸ்தானோட எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர், வியட்நாம்லயும் பறந்த அதே ரகம். துரத்தினது மிக்-21ல ஃப்ளைட் லெப்டினன்ட் பாரத் பூஷண் சோனி. ஸ்டார்ஃபைட்டர் கடல்ல விழுந்துச்சு. அதை ஓட்டினவர் விங் கமாண்டர் மெர்வின் மிடில்கோட், பாகிஸ்தான் விமானப்படையிலயே பேர் பெற்ற பைலட். அவர் கிடைக்கவே இல்ல. அந்தக் கதையைச் சொல்றப்போ நம்ம சார் குரல்ல ஜெயிச்ச மிதப்பு துளி கூட இல்ல. "நல்ல பைலட்"னார். அவ்ளோதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. திலீப் பாருல்கர் கதை.

சுகோய்-7 ஓட்டினவர். 1971 டிசம்பர் 10 அன்னிக்கு பாகிஸ்தான்ல சுட்டு வீழ்த்தினாங்க, உயிரோட மாட்டினார். போர் முடிஞ்சும் விடல. ராவல்பிண்டி முகாம். ஒரு காலத்துல தன் மேலதிகாரிகிட்ட "நான் மாட்டினா தப்பிச்சு வருவேன்"னு சொல்லியிருந்த ஆளு அவர். சொன்னதைச் செய்யணுமில்ல? கிரேவால், ஹரீஷ் சிங்ஜின்னு ரெண்டு பேரைக் கூடச் சேர்த்துக்கிட்டு சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டி, 1972 ஆகஸ்ட் 13-ஆம் தேதி விடியறதுக்குள்ள ஓட்டை வழியா வெளிய வந்துட்டாங்க. பஸ் பிடிச்சு பெஷாவர். அங்கிருந்து கைபர் கணவாய்ல லண்டி கோட்டல். இன்னும் சில கிலோமீட்டர் நடந்தா ஆப்கானிஸ்தான்!

அங்க நின்னு வழி கேட்டாங்க. "லண்டி கானா ஸ்டேஷனுக்கு எப்படிப் போகணும்?"

அவங்க கையில இருந்த பழைய வரைபடத்துல அந்த ஸ்டேஷன் இருந்துச்சு. தரையில இல்ல. 1932-லயே மூடியாச்சு. நம்ம சென்ட்ரல் வாசல்ல ஒருத்தன் நின்னு, "டிராமுக்கு எங்க நிக்கணும்?"னு கேட்டா எப்படி முழிப்போம்? (டிராம் நின்னது 1953.) அதே முழிதான். தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு சந்தேகம் வந்து, மூணு பேரும் மாட்டிக்கிட்டாங்க. அதே வருஷம் டிசம்பர்ல பத்திரமா ஊர் வந்து சேர்ந்தாங்க. பாருல்கர் 2025 ஆகஸ்ட்லதான் காலமானார், மிக்-21 ரிட்டையர் ஆகறதுக்கு முந்தின மாசம்.

எல்லாரும் இப்படித் திரும்பி வரல. 1971-ல காணாமப்போனவங்கன்னு அரசாங்கமே வச்சிருக்கிற பட்டியல்ல 54 பேர். அதுல ஒருத்தர் ஃப்ளைட் லெப்டினன்ட் தாம்பே, அவரும் சுகோய்-7. அவர் மனைவி தமயந்தி தாம்பே, தேசிய பாட்மிண்டன் சாம்பியன். எத்தனையோ வருஷம் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினார். பதில் வரல. வியட்நாம்ல காணாமப்போன தன் ஆளுங்களை அமெரிக்கா இன்னிக்கும் எலும்பு எலும்பாத் தேடிக்கிட்டிருக்கு.

மணிரத்னத்தோட 'காற்று வெளியிடை' (2017) ஞாபகம் இருக்கா? பாகிஸ்தான்ல மாட்டித் தப்பிக்கிற பைலட்டா கார்த்தி. அந்தப் படத்துக்கு ஆலோசனை சொன்னவர் நம்ம சென்னை ஏர் மார்ஷல் வர்த்தமான், மிக்-21 ஓட்டினவர். படம் வந்து ரெண்டு வருஷத்துல அவர் பையன் அபிநந்தன் அதே மிக்-21ல (பைசன்ங்கிற புதுப்பிச்ச ரகம்) போய் நிஜமாவே மாட்டினார். 2019 பிப்ரவரி 27. மார்ச் 1 ராத்திரி வாகாவுல நடந்து வந்தப்போ ஊரே டிவி முன்னால. அப்புறம் அந்த மீசை! எங்க தி.நகர் சலூன்காரர் அந்த மாசம் பூரா அதையேதான் செதுக்கிட்டிருந்தார். ராபின் ஓல்ட்ஸ் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

சரி, சித்தப்பாவுக்கு வரேன்.

அவர் சொன்னது பொய் இல்ல. 2012-ல பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி நாடாளுமன்றத்துல குடுத்த கணக்கு: வாங்கின 872 மிக் ரக விமானங்கள்ல 482 விபத்துல போச்சு. செத்த பைலட்டுங்க மட்டும் 171. தரையில இருந்த பொதுமக்கள் 39. இதைப் படிச்சுட்டு எவனாவது விமானத்தைக் கொஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தா அவனுக்கு மனசாட்சி இல்லன்னுதான் அர்த்தம்.

ஆனா காரணம் என்னன்னு ஒரு நிமிஷம் யோசிங்க சித்தப்பா. ஒத்தை இன்ஜின். பறவை அடிச்சா ரெண்டாவது கிடையாது. சோவியத் உடைஞ்சதும் உதிரி பாகத்துக்கு அலைச்சல். எல்லாத்துக்கும் மேல பயிற்சி. கிரண்னு ஒரு சாதுவான பயிற்சி விமானம், தாம்பரம் பக்கம் இருந்தவங்க பார்த்திருப்பீங்க (பைலட்டுங்களுக்குப் பாடம் எடுக்கிற வாத்தியார்களுக்கே பாடம் எடுக்கிற பள்ளிக்கூடம் 1954-ல இருந்து அங்கதான்). அதுல கத்துக்கிட்ட இருபத்திரெண்டு வயசுப் பையனைக் கொண்டுபோய் மிக்-21ல உக்கார வச்சாங்க. நடுவுல ஒரு படி வேணும், உயர்நிலைப் பயிற்சி ஜெட் வாங்குங்கன்னு 1982-லயே கமிட்டி சொல்லிடுச்சு. ஹாக் விமானம் வந்து சேர்ந்தது 2008. திட்டணும்னா அந்த 26 வருஷம் மேஜை மேஜையா நகர்ந்த ஃபைலைத் திட்டுங்க. மிக்-21ஐத் திட்டாதீங்க.

இதை குரூப்ல போட்டேன். சித்தப்பா கட்டைவிரல் ஒண்ணு காமிச்சுட்டு, மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை ஃபார்வர்டு பண்ணிட்டார்.

ஆறாம அந்த ஞாயித்துக்கிழமை அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு கோட்டூர்புரம் போனேன். அவனுக்கு 'டாப் கன்' மேவரிக் தெரியும், எஃப்-14 தெரியும், ஃபேன்டம் கூடத் தெரியும் (வீடியோ கேம்). அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் பக்கத்துலயே பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம், பிர்லா கோளரங்கம் இருக்கிற வளாகம். அங்க திறந்தவெளியில ஒரு ஜெட் நிக்குது.

"மாமா, இது எந்த நாட்டுது?"

"பெங்களூருடா."

நம்பல.

எச்எஃப்-24 மாருத். இந்தியாவுல வடிவமைச்சுக் கட்டின முதல் ஜெட் போர் விமானம். இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மனிக்கு ஃபோக்க-வுல்ஃப் 190 செஞ்சு குடுத்த குர்ட் டாங்க் 1956-ல பெங்களூர் எச்ஏஎல்லுக்கு வந்து, நம்ம இன்ஜினியர்களோட சேர்ந்து போட்டது. முதல் பறப்பு 1961 ஜூன் 17. பக்கத்துல போய்ப் பார்த்தா அழகு தெரியும். ஊசி மூக்கு, மூக்குக்குக் கீழ நாலு 30 மில்லிமீட்டர் பீரங்கி வாய், சிறுத்த இடுப்பு, பின்னால ரெண்டு இன்ஜினோட வாய். உடம்பு ஒலியை ரெண்டு மடங்கு முந்தறதுக்குப் பண்ணினது. இன்ஜின்தான் கிடைக்கல. பிரிட்டன்ல கேட்டோம், ரஷ்யாவுல கேட்டோம், எகிப்துல ஒரு ஆஸ்திரியாக்காரர் பண்ற இன்ஜினுக்காக ஒரு மாருத்தையே அங்க அனுப்பிப் பார்த்தோம். ஒண்ணும் கூடி வரல. சின்ன ஆர்ஃபியஸ் இன்ஜின் ரெண்டை வச்சே ஓட்டினாங்க.

அதையும் வச்சுக்கிட்டு 1971-ல ராஜஸ்தான் முனையில வெளுத்தாங்க. டிசம்பர் 7 அன்னிக்கு ஸ்குவாட்ரன் லீடர் பக்ஷி மாருத்ல இருந்து ஒரு சேபரையே வீழ்த்தினார். வான்சண்டையில ஒரு மாருத் கூட விழல. ஒரு இன்ஜின் போனாலும் இன்னொண்ணுல வீடு வந்து சேர்ந்தாங்க. மொத்தம் 147 கட்டினாங்க. 1990-ல எல்லாம் முடிஞ்சுது.

முதல் மாருத்தை ஓட்டிப் பார்த்த சோதனைப் பைலட் சுரஞ்சன் தாஸ். இன்னும் வேகமா ஓட வைக்க முடியுமான்னு சோதிச்ச மாடல்ல 1970 ஜனவரி 10 அன்னிக்கு விழுந்து இறந்தார். பெங்களூர்ல வேலை பார்க்கிற நம்ம பசங்க தினமும் 'சுரஞ்சன் தாஸ் ரோட்ல டிராஃபிக்'னு புலம்பறாங்களே, அந்த சுரஞ்சன் தாஸ்தான்.

2024 அக்டோபர் 6 மெரினா விமான சாகசத்துக்கு லட்சக்கணக்குல ஜனம் போச்சு. அஞ்சு பேர் உயிரையே விட்டாங்க. ஜெட்னா நம்ம ஊருக்கு அவ்ளோ ஆசை. இங்க ஒரு ஜெட் கை எட்டுற தூரத்துல சும்மா நிக்குது. நாங்க போன அன்னிக்கு நானும் அக்கா பையனும் மட்டும்தான் அதைச் சுத்திக்கிட்டிருந்தோம். ஐஸ்க்ரீம் வண்டிகிட்ட நல்ல கூட்டம்.

பையன் அன்னிக்கு ராத்திரி ஒரு மெசேஜ் போட்டான். "மாமா, குர்ட் டாங்க் பத்தித் தமிழ்ல ஏதாவது இருக்கா?" என் அலமாரியில இங்கிலீஷ்ல வியட்நாம் மட்டும் ஒரு தட்டு. தமிழ்ல இந்த விமானங்களையும் ஓட்டினவங்களையும் பத்தி ஒரு புத்தகம் என் கண்ணுல பட்டதில்ல. எழுத வேண்டியவங்களுக்கு இப்போ எண்பது வயசுக்கு மேல ஆச்சு.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுலயோ பக்கத்து ஃப்ளாட்டுலயோ 65 போர்லயும் 71 போர்லயும் பறந்தவங்க, இல்ல அந்த விமானங்களுக்கு ஸ்பேனர் பிடிச்சவங்க இருந்தா, போய் உக்காந்து பேச்சுக் குடுங்க. (போரைப் பத்திக் கேக்காதீங்க. லேண்டிங் பத்திக் கேளுங்க.) பரண்ல அவங்க லாக் புக், ஃபோட்டோ, பழைய கடுதாசி எது இருந்தாலும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுடாதீங்க. எனக்கு ஒரு மெயில் போடுங்க, ஸ்கேனரைத் தூக்கிக்கிட்டு நானே வரேன். மயிலாப்பூர், தி.நகர், அடையாறுன்னா ஆட்டோ காசும் என்னோடது.